இரண்டாவது கொக்கி

தம்பி,

அந்த ஞாயிற்றுக்கிழமை நீனோ கிழவரின் கராஜுக்குள் நின்றவர்கள் இவர்கள்: நான், நீ, உன் மனைவி ஜெசிந்தா, அவள் இடுப்பில் உன் மூத்தவள், ஒஷாவாவிலிருந்து வந்திருந்த உன் சித்தப்பா மரியான், நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் நீனோ, கோப்பித் தட்டோடு வந்த அவர் மனைவி கார்மேலா. ஜெசிந்தாவின் வயிற்றில் இருந்த சின்னவனையும் சேர்த்தால் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில், அன்று அங்கே என்ன நடந்தது என்று விளங்கியவர்கள் இரண்டே இரண்டு பேர். ஒருத்தி நான். மற்றவர், கோப்பியை வாயில் வைக்காமலே மேசையில் வைத்துவிட்டு, கார்ச் சாவியையும் மறந்து, மழைக்குள் போய் நின்ற உன் சித்தப்பா. "சித்தப்பாக்கு சிகரெட் பசி" என்று நீ சிரித்தாய். அவர் சிகரெட்டை விட்டு அப்போது மூன்று வருஷம்.

போன கிழமை நீ போனில் இரண்டு செய்தி சொன்னாய். வருகிற மாதம் முதல் ஞாயிறு சின்னவனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தந்தையாக மரியான் சித்தப்பா நிற்பார். பிள்ளைக்குப் பெயர், உன் அப்பாவின் பெயர். "உங்களுக்குச் சந்தோசம் தானே அம்மா?" என்று கேட்டாய். "லைன் கட்டாகிட்டுதோ?" என்று கத்தினாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நீயே சலித்துப்போய், "இன்னும் சித்தப்பாவோடை கோவமோ? மூண்டு மாசமாய் அந்த மனிசனோடை ஒரு சொல்லுக் கதைக்கிறியள் இல்லை. அப்பிடி என்னதான் செய்தவர்? எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டு விட்டதோ பிழை?" என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். கோபம் வந்தால் வரிசை பிசகிவிடும். இது வரிசையாகச் சொல்லவேண்டிய விஷயம். ஐந்தாம் வகுப்பு எழுத்துத்தான், பிழை இருக்கும். ஞாபகத்தில் பிழை இராது என்று உனக்குத் தெரியும். ஞானஸ்நானத்துக்கு முன் இதை முழுதாக வாசி. ஜெசிந்தாவுக்கும் வாசித்துக் காட்டு, அவளுக்குச் சேரவேண்டியதும் இதில் இருக்கிறது.

அன்று உங்கள் பிக்கரிங் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போக எல்லோருமாக வந்தீர்கள். வேட்டைக் காலம் தொடங்கப்போகிறது என்று நீனோ கராஜ் மேசையில் பழைய போர்வை ஒன்றை விரித்துத் தன் இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீயும் சித்தப்பாவும் எட்டிப் பார்க்கப் போனீர்கள். நான் பின்னால் வந்தேன். "அம்மா, உங்களுக்குப் பயம், நீங்கள் உள்ளை போங்கோ" என்றாய். நான் போகவில்லை. நீனோ குழலிரண்டையும் கழற்றி எடுத்து, கீழேயுள்ள கொளுக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, மரத்துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். கோயில் மணி மாதிரி ஒரு நாதம் எழுந்து நின்றது. இரண்டு குழலுக்கும் இடையிலுள்ள ஈயப்பற்றில் எங்காவது விரிசல் இருந்தால் அந்த நாதம் வராது, ஓட்டைச் சட்டி மாதிரித்தான் கேட்கும். இதை நீனோ உனக்குச் சொல்ல முன்னமே எனக்குத் தெரியும். இருபத்துமூன்று வருஷமாக நான் கேட்காத சத்தம் அது. என் கை தானாக நீண்டது.

கிழவர் முதலில் தயங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, தந்தார். நான் குழலை இடது கையில் வாங்கி, பின்கட்டையைக் கக்கத்தில் இடுக்கி, கொளுக்கியைக் கட்டையின் முன்னாலுள்ள அச்சில் மாட்டி மூடினேன். முன்கட்டையை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. கிளிக். பிறகு மேலேயுள்ள நெம்புகோலைத் தள்ளித் திறந்து, இரண்டு குழலும் வெறுமையா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நீனோ தொப்பியைக் கழற்றிவிட்டார். "உங்கட அம்மா ஆர்மியிலை இருந்தவவோ எண்டு கேக்கிறார்" என்று நீ சிரித்தாய். ஜெசிந்தா சிரிக்கவில்லை. "மாமி, எங்கட வீட்டு கிரைண்டரைத் தொடவே மாட்டன் எண்டு நிக்கிறனீங்கள். உது மட்டும் எப்பிடி?" என்றாள். அவள் கேட்டது ஞாயம். அவளுக்கு அன்று பதில் சொல்லாமல் விட்டது என் பிழை.

உன் அப்பாவிடமும் இத்தாலித் துவக்குத்தான் இருந்தது. மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தை நம்பின எங்கள் வயலுக்குக் காட்டுப்பன்றி வருகிறது என்று அரசாங்கக் கச்சேரியில் லைசென்ஸ் எடுத்து, ஊரைவிட்டுப் போன ஒரு இஞ்சினியரிடம் வாங்கினது. பூட்டுத் தகட்டில் நீளச் சொண்டுக் குருவி ஒன்று, சுற்றிவர இலை. அந்த இலைகளின் நரம்புகூடத் தெரியும். உன் அப்பா ஊரெல்லாம் அதன் பெருமைதான் சொல்லித் திரிவார். "உதுக்கு மழை தெரியாது, சேறு தெரியாது. இழுத்தால் வெடிக்கும், இழுக்காட்டி வெடிக்காது. உன்னைப் போலை சொல்வழி கேளாத சாமான் இல்லை" என்று என்னைப் பார்த்துச் சொல்லுவார். ஆனால் அதைத் துடைக்கிறவள் நான். அவருக்கு வியர்க்கிற கை. தொட்ட இரும்பெல்லாம் அடுத்த நாள் சிவந்துவிடும். கலியாணம் முடித்த முதல் வருஷமே என் கையைப் பிடித்துப் பார்த்து, "காய்ஞ்ச கை, இனி இது உன்ரை வேலை" என்றார். பத்து வருஷம் நான்தான் துடைத்தேன். வருஷத்துக்கு ஒருமுறை அவர் பக்கத் தகட்டைக் கழற்றித் தர, உள்ளே கோழி இறகால் எண்ணெய் தொட்டு வைப்பதும் நான்தான்.

இதை நீனோவுக்குச் சொல்லு என்று உன்னிடம் சொன்னேன். நீ சொன்னதும் கிழவர் என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவர் பிறந்தது இத்தாலியின் வடக்கே, வீட்டுக்கு வீடு துவக்குச் செய்கிற ஒரு பள்ளத்தாக்கு. அங்கே வேலைக்கு வருகிறவனிடம் மினுக்கின இரும்புத் துண்டொன்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வார்களாம். அடுத்த நாள் அதில் கறள் பிடித்திருந்தால் அவனை மரவேலைக்கு அனுப்பிவிடுவார்களாம். "உங்களைப் பூட்டு வேலைக்கு எடுத்திருப்பினமாம் அம்மா" என்று நீ சொன்னாய். அவர் பத்து வருஷம் செய்தது அந்தப் பூட்டு வேலைதான். விளக்குப் புகையில் ஒரு துண்டைக் கரியாக்கி மற்றத் துண்டோடு பொருத்துவார்களாம். எங்கே கரி ஒட்டுதோ அங்கே மட்டும் அரத்தால் ஒரு இழுவை. திரும்பக் கரி, திரும்ப இழுவை. முழு இடத்திலும் ஒரே சீராகக் கரி ஒட்டும்வரைக்கும் விடமாட்டார்களாம். குழலுக்கும் கட்டைக்கும் இடையில் சிகரெட் தாளைச் செருகிக் காட்டினார். போகவில்லை. அந்தத் துவக்கு அவருக்கு வயதில் மூத்தது, தகப்பனுடையது. அன்றைக்கு வரைக்கும் ஒரு தோட்டாகூட வெடிக்காமல் போனதில்லை என்றார், தான் பெற்ற பிள்ளையைச் சொல்வது மாதிரி.

பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினார். தம்பி, நான் அதைக் கண்டதும் கிட்டக் குனிந்தேன். அதே பூட்டு. தோட்டாவை அடிக்கிற சின்னச் சுத்தியல், அதைப் பிடித்துவைத்திருக்கிற ஒரு கொக்கி, அதன் பக்கத்தில் ஒன்றையும் தொடாமல் சும்மா நிற்கிற இன்னொரு கொக்கி. நான் இறகு விட்டு எண்ணெய் தடவிய இடம். அந்த இரண்டாவது கொக்கி எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன். துவக்கு விழுந்து அதிர்ந்து முதற் கொக்கி தவறினால், சுத்தியல் தோட்டாவில் விழமுன் இது பிடித்துக்கொள்ளும். விசையை ஒரு விரல் இழுத்தால் மட்டுமே இரண்டும் விலகும். அதற்காகவே ஒரு மனுஷன் நாட்கணக்காக இருந்து அராவுகிற துண்டு அது.

அப்போதுதான் நான் உன்னிடம் சொன்னேன்: "தம்பி, அவரிட்டைக் கேள். மரத்திலை சாத்தி வைச்ச துவக்கு, மேலை தள்ளுற காவல் பூட்டுப் போடாமல் இருந்து, சரிஞ்சு விழுந்தால் வெடிக்குமோ?" உனக்கு அது சும்மா ஒரு விடுப்புக் கேள்வி. பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய். கிழவர் வெற்றுத் தோட்டா இரண்டை வைத்து மூடி, காவல் பூட்டைத் திறந்துவிட்டு, தரையில் மடித்த கம்பளத்தின் மேல் துவக்கை விழவிட்டார். கார்மேலா "நீனோ!" என்று கத்தினாள். திரும்பவும் விழவிட்டார். ரப்பர்ச் சுத்தியலால் பின்கட்டையில் ஓங்கி அடித்தார். ஒன்றும் இல்லை. கடைசியில் விரலை வைத்து இழுத்தார். டிக். "பாத்தியளோ அம்மா, விழுந்தா வெடிக்காதாம். வெடிச்சதெண்டால் ஆரோ இழுத்திருக்கோணுமாம்" என்று நீ எனக்குத் தமிழில் சொன்னாய். இருபத்துமூன்று வருஷம் நான் காத்திருந்த தீர்ப்பை, வாயில் பிஸ்கட்டோடு, நீதான் வாசித்தாய். அந்த நேரம்தான் சித்தப்பா மழைக்குள் போனார்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அப்பா இறந்த அன்று நீ பேசாலையில் உன் அம்மம்மா வீட்டில் நின்றாய். உனக்கு ஒன்பது வயது. அன்று விடியற்காலை அவரும் மரியானும் ஒரே ஒரு துவக்கோடு வயலுக்குப் போனார்கள். வெயில் ஏறமுன் டிராக்டர் பெட்டியில் அவரை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் காயம். மத்தியானம் வரைக்கும் நினைவு இருந்தது. பொலிஸ்காரர் வந்து கட்டிலடியில் நின்று கேட்டார். நான் கால்மாட்டில் நின்றேன், மரியான் தலைமாட்டில். உன் அப்பா சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் எனக்கு ஞாபகம்: "மரத்திலை சாத்தி வைச்சனான். சரிஞ்சு விழுந்து வெடிச்சிட்டுது. துடைச்சு வைக்கேக்கை பூட்டிலை ஏதோ பிழை விட்டிருக்கினம் போலை." விட்டிருக்கினம். யார் விட்டது? துடைத்து வைக்கிறவள் ஊரிலே ஒருத்திதானே. உன் அப்பாச்சி கூடத்தில் நின்று, "கண்டியளோ, என்ரை பிள்ளையைத் தின்னிறதுக்கெண்டே எண்ணெய் பூசிக் குடுத்திருக்கிறாள்" என்று மார்பில் அடித்தா. கோயில் முற்றத்திலும் அதைச் சொன்னா, சாகிறவரைக்கும் சொன்னா. நான் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. ஏனென்றால் நானே நம்பினேன். எண்ணெய் கூடிப்போச்சோ, இறகுத் தும்பு எங்காவது சிக்கிச்சோ என்று ஒவ்வொரு தவசு காலமும் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவரும் ஒவ்வொரு முறையும் மன்னித்தார், செய்யாத பாவத்துக்கு.

அதற்குப் பிறகு நான் உனக்குச் செய்த பிழைகளை இப்போது வரிசையாகப் பார். நீ பதினாறு வயதில் தொழில்நுட்பப் பள்ளிக்குப் போக நின்றாய், விண்ணப்பப் பாரம்கூட நிரப்பிவிட்டாய். நான் கிழித்து அடுப்பில் போட்டேன். என் வயிற்றில் பிறந்த கை இயந்திரத்தைத் தொட்டால் யாரையாவது கொல்லும் என்று பயந்தேன். உனக்கு அந்தப் பயத்தைச் சொல்லவில்லை, "உனக்குப் படிப்பு ஓடாது" என்று சொன்னேன். இன்றைக்கு நீ ஆட்களின் அலுவலகங்களைத் துடைத்துவிட்டு வருகிறாய் என்றால் அதில் என் பங்கு இருக்கிறது. அடுப்பை நாலு தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன் என்று நீ பகிடி பண்ணுவாய். பண்ணு. ஆனால் உன் மூத்தவள் பிறந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த அந்தப் பதினாறாம் மாடி வீட்டுக்கு வந்தபோது, குளிப்பாட்டித் தரச் சொல்லி ஜெசிந்தா பிள்ளையை நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு மாதம் முழுக்க அவளே, தையல் காயத்தோடு குனிந்து குளிப்பாட்டினாள். "உங்கட அம்மாக்குப் பொம்பிளைப் பிள்ளை எண்டபடியால் பிடிக்கேல்லை" என்று அவள் உன்னிடம் அழுதது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஜெசிந்தா, அது இல்லையம்மா. ஒரு மனுஷனைக் கொன்ற கை என்று நினைத்திருந்தேன். அதைப் பச்சைப் பிள்ளையின் தலைக்குக் கீழே எப்படிக் கொடுப்பேன்?

கராஜிலிருந்து சரியாக ஒரு கிழமை கழித்து, பூசை முடிந்து நான் வர, உன் சித்தப்பா நீனோ வீட்டு வாசற்படியில் இருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. அவராகவே தொடங்கினார்.

"மச்சாள், நான்தான்."

"என்ன நான்தான்? முழுசாச் சொல்லு."

"அண்ணை செடிப் பத்தையைச் சுத்திக் காட்டுப்பண்டியைக் கலைக்கப் போனவர். துவக்கு என்ரை கையிலை. பத்தை அசைஞ்சுது. பண்டி எண்டு நினைச்சுத்தான் மச்சாள்…"

"பிறகேன் வாயைத் துறக்கேல்லை?"

"துறந்தனான். டிராக்டர் பெட்டிக்குள்ளை வைச்சு, பொலிசிட்டைச் சொல்லப்போறன் எண்டு அழுதனான். அண்ணைதான் என்ரை கையைப் பிடிச்சவர். 'உனக்கு இருவது வயசு. மறியற்சாலைக்குப் போனால் உன்ரை வாழ்க்கை முடிஞ்சுது. துவக்கிலை பிழை எண்டு சொல்லுறன்' எண்டார். 'அண்ணை, ஊர் மச்சாளை எல்லோ சொல்லும்' எண்டனான்."

"அதுக்கு?"

கார்மேலா யன்னல் சீலையை விலக்கி எங்களைப் பார்த்துவிட்டு மூடினாள்.

"'அவள் தாங்குவாள்' எண்டார்."

அவ்வளவுதான், தம்பி. நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அன்று தொடங்கின மௌனத்தைத்தான் நீ சித்தப்பாவோடு கோபம் என்று நினைக்கிறாய். முதலில் கோபம்தான். அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்க ஏலாமல்தான் வருஷாவருஷம் காசும் சேலையும் அனுப்பினார், எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டார், உனக்குத் தகப்பனாக நின்றார் என்று அப்போதுதான் விளங்கியது. ஆனால் மூன்று மாதமாக யோசித்துப் பார்க்கிறேன். பத்தை அசைந்தது, இருபது வயதுப் பெடியன் பயந்து இழுத்துவிட்டான். அதைச் சொல்லவும் வாய் திறந்திருக்கிறான். இன்னும் ஒன்று: மழைக்குள் நின்றவர் அப்படியே ஒஷாவாவுக்கு ஓடியிருக்கலாம், திரும்பி வந்து படியில் இருந்தார்.

நான் லேசில் மறக்கிறவள் இல்லை. உன் கலியாணத்தில் எனக்கு இரண்டாம் வரிசையில் கதிரை போட்ட உன் மாமியாரை நான் இன்னும் மறக்கவில்லை. செபமாலையை இரவல் வாங்கி அறுத்துத் தந்த அந்தோனியாளை மறக்கவில்லை. உன் அப்பாச்சியின் சாவீட்டில் எல்லோரும் அழ, நான் பாத்திரம் கழுவினேன். அவவைக்கூட இப்போது விட்டுவிட்டேன். பொய்யைக் கேட்டு நம்பினவ, நான் நம்பினது மாதிரி. மரியானையும் விட்டுவிட்டேன். ஞானத்தந்தையாக அவரே நிற்கட்டும். அவர் கையில் பிள்ளையைக் கொடுக்க எனக்குப் பயமில்லை. அன்றைக்கு நான் அவரோடு பேசுவேன் என்றும் சொல்லிவிடு.

நீனோவிடம் துவக்கு ஒன்று வாங்க நீ ஆசைப்படுகிறாய் என்றும் தெரியும். வாங்கு. உன் கையில் ஒரு பிழையும் இல்லை, கிழித்த பாரத்துக்கு நான் வேறு என்ன தரமுடியும்? ஒன்றே ஒன்று: பத்தை அசைந்தால் சுடாதே, உருவம் தெரிந்தால் மட்டும் சுடு. அந்தப் பள்ளத்தாக்குக்காரர் இரண்டாவது கொக்கி வைத்தது சாமான் தவறினால் பிடிக்க. விரல் தவறினால் பிடிக்க ஒருவரும் ஒன்றும் வைக்கவில்லை. துடைத்துத் தர நான் இருக்கிறேன். எங்கள் பழைய துவக்கை அன்று பொலிஸ் கொண்டுபோனது. அது இப்போது ஊரில் எந்த இயக்கத்துப் பெடியனின் தோளில் தொங்குகிறதோ, அதன் முன்னால் யார் நிற்கிறார்களோ, அதை நினைத்தால்தான் எனக்குப் பயம். அது பிழைவிடாத சாமான் என்று இப்போது நிச்சயமாகத் தெரியும்.

மார்கழியில் சின்னவன் பிறந்ததும் உங்கள் வீட்டில் வந்து நின்று, நானே கேட்டு வாங்கி, முப்பத்தொரு நாளும் குளிப்பாட்டினேன். ஜெசிந்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். என் உள்ளங்கையில் அந்தத் தலை பொருந்தி இருந்தது. அந்தத் தலையின் மேல் தண்ணீர் ஊற்றி நீ வைக்கப்போகிற பெயரைத்தான் வைக்காதே என்று கேட்கிறேன். அதை வைத்தால் நாளுக்கு நூறு தரம் நான் அவனைக் கூப்பிட வேண்டும். வேறு எந்தப் பெயரும் வை. உனக்கு அவர் நல்ல தகப்பன். தன் தம்பிக்கு நல்ல அண்ணன். சாகிற நேரத்திலும் தம்பியைக் காப்பாற்றினவர். "கைதவறி நானே சுட்டுக்கொண்டேன்" என்று சொல்லியிருந்தாலும் தம்பி தப்பியிருப்பான், பழியும் அவரோடு போயிருக்கும். அந்தத் துவக்கு தானாக வெடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷன், அது தானாக வெடித்தது என்று சொன்னார். அதைத் துடைக்கிறவள் கால்மாட்டில் நிற்கிறாள் என்று கண்டுகொண்டே சொன்னார். தாங்குவாள் என்று கணக்குப் பார்த்தே சொன்னார். தாங்கினேன்தான். அதனால்தான் மன்னிக்க ஏலவில்லை.

கட்டினவரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்த்தார்கள். கச்சேரியிலும் ஆஸ்பத்திரியிலும் இமிகிரேஷனிலும் கேட்டபோதெல்லாம் பக்கத்தில் நின்ற யாரோதான் எனக்காகச் சொன்னார்கள். கனடாவில் அது நீதான். இன்றைக்கு, முதல் தரமாக, அந்தப் பெயரை என் கையாலேயே எழுதுகிறேன்.

சூசைப்பிள்ளை.